பந்தை எடுத்துவிட்டால் சிட்டு எப்படி நடப்பாள்?

கால்நடை மருத்துவரான எனக்குத் திருச்சியிலிருந்து 58 வயது அம்மா ஒருவர் நான்கு பக்கம் நிறைய எழுதியிருக்கிறார். ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் மறைந்த பிறகு அம்மா தனியாக இருக்கக் கூடாதென்று மகன் வாங்கித் தந்த பொமரேனியன் நாய்க்குட்டி சிட்டு. இப்போது பத்து மாதம், எடை 3.8 கிலோ. இரண்டு மாதமாக வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே நடக்கிறாள். முதலில் பார்த்த மருத்துவர் சுளுக்கு என்று ஊசி போட்டார். மூன்று நாள் நன்றாக ஓடியவள் நான்காம் நாள் மறுபடியும் நொண்டினாள். பிறகு ஒரு மாதம் கால்சியம் சொட்டு மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுத் தைலம் தேய்த்து உருவிவிட்டபோது, ஒருநாளும் பல் காட்டாத சிட்டு அம்மாவின் கையைக் கடித்துவிட்டாள். வலியில் விடிய விடிய முனகிய ஒரு இரவில், தன்னுடைய மூட்டுவலி மாத்திரையில் கால் பங்கை உடைத்துக் கொடுத்திருக்கிறார் அம்மா. மறுவாரம் இன்னொரு முறை. கடைசியாகப் பார்த்த இளம் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, தொடை எலும்பின் தலைப்பகுதி செத்துவிட்டது, அதை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகனோ, "கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு அனுப்பிடலாமேம்மா" என்கிறார். வீடு இரண்டாவது மாடி. நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் ஒட்டிய நோட்டீஸ் வேறு.

"எலும்பையே எடுத்துவிட்டால் என் குழந்தை எதை ஊன்றி நடப்பாள்? சோபாவிலிருந்து குதித்த அன்று நான் பிடித்திருந்தால் இது வந்திருக்குமா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மா, கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் சிட்டுவைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் படம் தெளிவாக இருக்கிறது. இடது பக்கம் தொடை எலும்பின் தலையான பந்து உருண்டையாக, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. வலது பக்கம் அதே பந்து மேலே தட்டையாகி, செல்லரித்த ஓலை மாதிரித் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. அந்த இளம் மருத்துவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். இது உயிரை எடுக்கிற நோய் இல்லை. சிட்டு மறுபடி வலியில்லாமல் நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் மகனிடம் இந்த இரண்டு வரியை முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் இரக்கமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. இரவெல்லாம் அழுகிறது என்று நீங்கள் ஃபோனில் சொன்னதைக் கேட்டு, வேறு வழி தெரியாமல் சொல்லியிருக்கிறார். கருணைக்கொலை என்பது வலியைத் தீர்க்க வேறு வழியே இல்லாதபோது யோசிக்க வேண்டியது. இங்கே வழி இருக்கிறது.

உங்கள் மேல் தப்பில்லை

இந்த நோய்க்கு லெக்-கால்வே-பெர்த்தெஸ் என்று பெயர். 1910-ஆம் ஆண்டு அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி என மூன்று நாட்டு மருத்துவர்கள் தனித்தனியாக மனிதக் குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் மூவரின் பெயரும் சேர்ந்ததுதான் இது. நாய்களில் பொமரேனியன், டாய் பூடில், யார்க்‌ஷைர் டெரியர், மினியேச்சர் பின்ஷர் போன்ற சிறு இனங்களுக்கு, பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வருகிறது. தொடை எலும்பின் பந்துக்குப் போகிற மெல்லிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் தடைப்படுகிறது. இரத்தம் போகாத எலும்பு செத்து, நாளாக ஆகப் பந்து நொறுங்கி அமுங்கிவிடுகிறது. ஏன் தடைப்படுகிறது என்பதற்கு மருத்துவத்தில் முழு விடை இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது மட்டும் தெரியும்.

ஆகவே சோபா காரணமில்லை. அவள் குதித்த அன்று பந்து ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கும். வலி அன்றைக்கு வெளியே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். நீங்கள் அவளுக்குக் கொடுக்கும் தயிர்சாதமும் காரணமில்லை. அதனால்தான் கால்சியம் கொடுத்தும் பலனில்லை. வாய்க்காலே அடைத்துப்போன வயலுக்கு அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்து என்ன? அந்தச் சொட்டு மருந்தை நிறுத்திவிடலாம். தயிர்சாதம் மட்டுமே போதாது என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

சிட்டு கடித்ததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். செத்த எலும்புள்ள மூட்டை உருவியபோது அவளுக்கு இருந்த ஒரே மொழி அதுதான். இனி தைலம் வேண்டாம், உருவுதலும் வேண்டாம்.

பரம்பரைக்குப் பங்கு இருப்பதால் சிட்டுவைக் குட்டி போட விடாதீர்கள். கருத்தடை ஆபரேஷனை எப்போது செய்யலாம் என்று அதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டியை விற்றவரிடமும் சொல்லுங்கள். அதே தாய் தகப்பனை மறுபடி சேர்த்தால் இன்னொரு குட்டியும் இப்படி நொண்டலாம்.

அந்தக் கால் பங்கு மாத்திரை

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் மூட்டுவலிக்குச் சாப்பிடுகிற டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதுவும் நாய்க்கு ஆகாது. இரைப்பையில் புண் வரும், இரத்த வாந்தி வரும், சிறுநீரகம் கெடும். பாராசிட்டமால் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று முழுதாகப் போனால், 3.8 கிலோ நாய்க்கு அது ஈரலைக் கெடுக்கிற அளவு. நமக்குச் சின்ன மாத்திரை, அவளுக்கு அது பெரிய விஷம்.

நீங்கள் கொடுத்தது இரண்டு கால் பங்குதான், அதன் பிறகு சாப்பாடும் மலமும் ஒழுங்காக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆறுதல். ஆனாலும் ஆபரேஷன் செய்யப்போகிற மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். திட்டுவாரோ என்று வெட்கப்பட்டு மறைப்பவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அவர் தெரிந்துகொண்டால் சிறுநீரகப் பரிசோதனையைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.

நாய்களுக்கென்றே மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். முதல் மருத்துவர் போட்ட ஊசி ஸ்டீராய்டாக இருந்திருக்கலாம். அது எந்த மருந்து, எந்தத் தேதி என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டும் இந்த வலி மருந்துகளும் ஒன்றாகச் சேரக் கூடாது, நடுவே இடைவெளி வேண்டும். வலி மருந்து சாப்பிடும் நாளில் வாந்தியோ, தார் மாதிரிக் கறுப்பு மலமோ கண்டால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு ஃபோன் செய்யுங்கள்.

"மாத்திரையிலேயே சரியாகாதா?" என்று கேட்டிருந்தீர்கள். பந்து அமுங்குவதற்கு முன்பே, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த மிகச் சில நாய்கள் ஓய்விலும் மருந்திலும் தேறியதுண்டு. சிட்டு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். மனிதக் குழந்தைகளுக்குப் பந்து வளர வளர மறுபடி உருண்டு வர வாய்ப்பு உண்டு. நாய்க்கு அப்படி நடப்பது அபூர்வம். மருந்தை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் அவள் காலை ஊன்றாமலே இருப்பாள். ஊன்றாத காலில் தசை கரையும். வலது தொடை மெலிந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தசைதான் ஆபரேஷனுக்குப் பிறகு அவளைத் தாங்கப்போவது. அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

எதை ஊன்றி நடப்பாள்?

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த ஆபரேஷனில் தொடை எலும்பின் பந்தையும் அதன் கழுத்தையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். செத்த எலும்பு கிண்ணத்தில் உரசுவதால்தான் வலி. உரச எதுவும் இல்லையென்றால் வலி இல்லை. பந்து இருந்த இடத்தில் அடுத்த சில வாரங்களில் உடம்பே கெட்டியான நார்த்திசுவை வளர்த்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் இடுப்புத் தசைகள் அந்த எலும்பை ஏந்திப் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டியில் அச்சாணி போய்விட்டால் வண்டி குடைசாயும். நாயின் முன்னங்கால் அப்படி இல்லை, எலும்புக்கு எலும்பு மூட்டே இல்லாமல் தசையால்தான் உடம்போடு சேர்ந்திருக்கிறது. அந்த இரண்டு முன்னங்கால்களில்தான் அவள் உடல் எடையில் பாதிக்கு மேல் தாங்குகிறாள். பின்னங்காலையும் ஓரளவு அப்படிப் பழக்கிவிட முடியும், அதுவும் நாலு கிலோகூட இல்லாத உடம்புக்கு. எடை கூடக்கூடத்தான் இந்த ஆபரேஷனின் பலன் நிச்சயமில்லாமல் போகும். சிட்டுவின் சிறிய உடம்பே இங்கே அவளுக்குத் துணை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால் சற்றுக் குட்டையாகும். வேகமாக ஓடும்போது நடையில் ஒரு சாய்வு தெரியலாம். காலைப் பின்னுக்கு முழுதாக நீட்ட முடியாமல் போகலாம். வலி இருக்காது என்பதுதான் நாம் தேடுகிற பலன்.

செயற்கை இடுப்பு மூட்டு பற்றியும் மகன் கேட்டிருக்கிறார். சின்ன நாய்களுக்கு ஏற்ற அளவிலும் அது இருக்கிறது, ஆனால் செய்யும் இடங்கள் வெகு குறைவு, செலவு பல மடங்கு, உள்ளே வைத்தது நழுவினால் மறுபடி கத்தி. 3.8 கிலோ நாய்க்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தேதி குறிக்கும் முன்

மயக்க மருந்தைப் பற்றிப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். ஆபத்தே இல்லை என்று எந்த நேர்மையான மருத்துவரும் சொல்ல மாட்டார். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், இரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். இரண்டுக்கும் முன்னேற்பாடு உண்டு. நீங்கள் கேட்க வேண்டியவை இவை:

முட்டிச் சில்லைப் பார்த்தீர்களா? பொமரேனியன்களுக்கு முழங்கால் சில்லு விலகுவது மிகச் சாதாரணம், அதுவும் இதே மாதிரி நொண்ட வைக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால், இடுப்பை மட்டும் சரிசெய்துவிட்டு ஏன் இன்னும் நொண்டுகிறாள் என்று பிறகு தவிக்கக் கூடாது. இடது இடுப்பையும் நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். சில நாய்களுக்கு இரண்டு பக்கமும் வரும்.

இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலுக்கும் பார்த்தீர்களா? நம் ஊர் வெயிலுக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கிறது. எர்லிக்கியா, பபீசியா தொற்று வெளியே தெரியாமல், இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்து வைத்திருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது. ஈரல், சிறுநீரக அளவுகளும் வேண்டும்.

மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாய் வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றி, உடம்பைச் சூடாக வைத்து, மூச்சையும் நாடியையும் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா? எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும்? பெரிய நாய்க்குச் சொல்கிற கணக்கைக் குட்டிக்கு அப்படியே வைக்கக் கூடாது, அவர் சொல்லும் நேரத்தை மட்டும் கடைப்பிடியுங்கள்.

இதையெல்லாம் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். எக்ஸ்ரே நகலும், செலவு எவ்வளவு ஆகும், அதில் மருந்தும் தையல் பிரிப்பும் அடங்குமா என்ற விவரமும் கேட்டு வாங்கலாம். இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதிலும் தவறில்லை. பணம் இடித்தால், நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டுமே உங்களுக்குக் காலையில் கிளம்பிப் போய் வரக்கூடிய தூரம். சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903-லிருந்து இயங்குகிறது. தனியார் மருத்துவமனையைவிட இங்கெல்லாம் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். எலும்பு அறுவை எந்தக் கிழமை என்று முதலில் ஃபோனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்

இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை நீங்கள் நினைவில் வைக்கலாமென்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மினியேச்சர் பின்ஷருக்கு இதே ஆபரேஷன் செய்தேன். கத்தி வேலை நன்றாகவே அமைந்தது. உடைந்த எலும்புக்குத் தகடு வைத்து அனுப்பும் பழக்கத்தில், ஆறு வாரம் கூண்டைவிட்டு வெளியே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் சொன்ன சொல் தப்பாமல் அப்படியே வைத்திருந்தார்கள். ஆறாம் வாரம் வந்தபோது இடுப்பு விறைத்து, தொடை குச்சியாகிவிட்டிருந்தது. அதை மீட்க மாதக்கணக்கில் பாடுபட்டும் அந்தக் கால் பழைய நிலைக்கு வரவில்லை. தவறு என்னுடையது. உடைந்த எலும்பு ஒட்டுவதற்கு ஓய்வு வேண்டும். இங்கே ஒட்ட எதுவும் இல்லை. உருவாகிற நார்மூட்டு அசைய அசையத்தான் இளக்கமாக உருவாகும். அசையாமல் விட்டால் அப்படியே இறுகிவிடும்.

நீங்கள் சிட்டுவைத் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாசம் புரிகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மடிதான் அவள் காலுக்கு எதிரி. மாடிப்படியில் தூக்குங்கள், சோபாவிலிருந்து தூக்கி இறக்குங்கள். சமதரையில் அவளே நடக்கட்டும்.

முதல் மூன்று நாள், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், ஒருமுறைக்கு பத்து நிமிடம். அதன் பிறகு இளஞ்சூடான ஒத்தடம். மருத்துவர் சரி என்றதும், நல்ல கால் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, வலது தொடையை முழங்காலுக்கு மேல் மெதுவாகப் பிடித்து, சைக்கிள் மிதிப்பது மாதிரி முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. முகத்தைத் திருப்பிப் பார்த்தால், உறுமினால், அந்த இடத்தில் நிறுத்துங்கள். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் இருவருக்கும் சுலபம். வலியைத் தாங்கிக்கொண்டு யாரும் காலை ஊன்ற மாட்டார்கள், அதனால் எழுதிக் கொடுத்த நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

நடை மெதுவாக இருக்க வேண்டும். வேகமாகப் போனால் மூன்று காலில் தாவிவிடுவாள், மெதுவாகப் போனால்தான் நான்காவது காலை வைத்தாக வேண்டும். கழுத்தில் கட்டாமல் மார்போடு சேர்த்துக் கட்டும் வாரில் பிடித்து, ஐந்து ஐந்து நிமிடமாக நாளைக்கு நாலு முறை. தடுமாறினால் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து லேசாகத் தாங்குங்கள். உங்கள் வீட்டில் வழவழப்பான டைல்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் நடக்கிற வழி முழுக்க சணல் சாக்கோ ரப்பர் விரிப்போ போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அதுவே வழுக்கும். பாதத்துக்கு அடியில் விரலிடுக்கில் வளர்ந்த முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

தையல் பிரிக்க பத்திலிருந்து பதினாலு நாள். அதுவரை குளிப்பாட்டக் கூடாது, நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைக் கழற்றக் கூடாது. பாவமாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் நக்கினால் தையல் போய்விடும்.

கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் விரல் நுனியால் தரையைத் தொட வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் பாதி நேரமாவது ஊன்ற வேண்டும். முழுதாகத் தேற இரண்டு மூன்று மாதமாகலாம். சிட்டு இரண்டு மாதம் நொண்டியவள், இருக்கிற தசையும் குறைவு, அதனால் சற்றுத் தாமதமானாலும் பதற வேண்டாம். மூன்று வாரம் ஆகியும் விரலைக்கூட ஊன்றவில்லையென்றால் உடனே காட்டுங்கள். வீக்கம், நீர் வடிதல், சாப்பிடாமல் இருத்தல் இருந்தால் மறுநாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

தசை வளரப் புரதம் வேண்டும். தயிர்சாதத்தைக் குறைத்து, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி கொடுங்கள். வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்றால் நல்ல நாய்த் தீனி. நடமாட்டம் குறைவான நாட்களில் பிஸ்கட்டை நிறுத்திவிடுங்கள். அரைக் கிலோ கூடினாலும் அவள் உடம்புக்கு அது பெரிய சுமை.

லிஃப்ட் விஷயம்

வளர்ப்பு நாய்களை லிஃப்டில் ஏற்றத் தடை போட சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. அதன் நகலையும் மருத்துவரின் கடிதத்தையும் செயலாளரிடம் கொடுங்கள். முதலில் நேரில் போய், இப்படி ஆபரேஷன், தினமும் மூன்று நான்கு முறை கீழே இறங்கியாக வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கூடையில் வைத்து ஏற்றுவேன், அசுத்தமானால் நானே துடைப்பேன் என்றும் சொல்லுங்கள், அதை எதிர்பார்க்க அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. 58 வயதில், மூட்டுவலியோடு, நீங்கள் இரண்டு மாடி அவளைச் சுமந்து இறங்கித் தடுக்கி விழுந்தால் அவளைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

இன்னொரு காரியம். ஆபரேஷனுக்கு முன்பே தையல்கார டேப்பால் இரண்டு தொடையின் சுற்றளவையும் ஒரே உயரத்தில் அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். தையல் பிரிக்கும் நாளில் ஒருமுறை, எட்டாவது வாரம் ஒருமுறை. மூன்று அளவையும் எனக்கு எழுதுங்கள், அதோடு அவள் முதல்முறை காலை ஊன்றிய தேதியையும்.